முப்பது பைன் மரத்துக் காய்கள்

காய் எண்ணுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்ததெல்லாம் நேற்றோடு சரி.

தீயில் எரிந்த மலைச்சரிவில் மறுபடி பைன் நட வேண்டும். விதைக்கு இந்த ஒரு காடுதான். குறி போட்ட முப்பது மரங்களில், மரத்துக்குச் சராசரியாக நாற்பது புதுக்காய் தெரிந்தால்தான் வனத்துறையினர் காய் பறிக்க மரமேறிகளை அனுப்புவார்கள். குறைந்தால் விதை இல்லை; என் தங்கை வேலை பார்க்கும் நாற்றங்காலையும் மூடிவிடுவார்கள். நான் போன வாரமே எண்ணிவிட்டு, "சராசரி அம்பதுடி!" என்று அவளிடம் தம்பட்டம் அடித்திருந்தேன். அவளும் அதை நம்பிப் பாத்தியெல்லாம் தயார் செய்துவிட்டாள்.

நேற்று மாலைக்குள் அறிக்கை தர வேண்டும். காலையில், "நானும் ஒரு தடவை பாக்கறேனே" என்று கூடவே வந்தாள். முதல் மரத்தடியில் பைனாகுலரை வாங்கி மேலே பார்த்தாள்.

"அக்கா, இதெல்லாம் போன வருஷத்துக் காய். வாயைப் பொளந்துட்டு நிக்குது. உள்ள ஒரு விதை இருக்காது."

"உளறாதே" என்று பிடுங்கிப் பார்த்தேன். உளறியது நான்தான். அத்தனையும் கருத்து விரிந்த வெறுங்காய்கள். எனக்கு முகம் செத்துப்போனது. என் மேலேயே வந்த எரிச்சலில் முப்பது மரத்துக் கணக்கையும் கோடு போட்டு அடித்தேன்.

"திட்டேண்டி!"

"திட்டினா காய் காய்ச்சிடுமா? அன்னைக்கு எங்க நின்னு எண்ணின?"

"இதோ, இந்தப் பாதையிலதான். காலையில."

வெயில் நேராக எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள். "கண்ணு கூசற பக்கம் நின்னா கருப்பா இருக்கறதுதானே தெரியும்? பச்சைக் காய் எப்படிக்கா தெரியும்?"

முள்ளில் சேலையைக் கிழித்துக்கொண்டு மரத்தின் மறுபக்கம் போனோம். வெயில் இப்போது முதுகில். உச்சிக் கிளைகளில் புதுக்காய்கள் கொத்துக் கொத்தாகப் பிசின் மினுங்கத் தெரிந்தன. முதல் மரத்தில் மட்டும் நாற்பத்தாறு.

எல்லா மரமும் அப்படி வாரி வழங்கவில்லை. இருபத்தொன்பது மரம் முடிந்தபோது ஆயிரத்து நூற்று எண்பத்தேழு. ஆயிரத்து இருநூறைத் தொட இன்னும் பதின்மூன்று காய் வேண்டும். கடைசி மரத்தைத் தானே எண்ணுவேன் என்று அடம்பிடித்தாள்.

"பதினொண்ணு... பன்னெண்டு... பதிமூணு... பதினாலு..." பதினேழில் குரல் உடைந்துவிட்டது.

"அழுதுட்டே எண்ணினா தப்பாயிடும். இங்க குடு" என்று பைனாகுலரை வாங்கினேன்.

எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பதினெட்டிலிருந்து ஆரம்பித்தேன்.