மூன்றாம் மாடி வரை வந்தவர்

“அப்பா ஏன் வந்துக்கிட்டே இருக்காரு, வந்து சேர மாட்டேங்கிறாரு?” என்று பட்டாணி கேட்டாள். ஊரடங்கின் ஒன்பதாம் நாள் சாயங்காலம் அது. அவளுடைய அப்பா ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குப் படியேறத் தொடங்கி, ஒன்பது மணிக்கும் ஏறிக்கொண்டிருந்தார். வீடு நான்காம் மாடியில். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், மாடிக்குப் பதினாறு படி. முதல் மூன்று மாடிகளை வழக்கம்போல் மூன்று நிமிடத்தில் ஏறிவிட்டார். அதற்கு மேலே இருந்த பதினாறு படிதான் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் பதினாறாவது படியில் காலை வைத்ததும், மூன்றாம் மாடியின் மின்சார மீட்டர் பெட்டிக்கு முன்னால்தான் போய் நின்றார். நானூற்றுப் பதினாறு படி வரை எண்ணிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, பையிலிருந்த ரொட்டியைத் தின்றார்.

பட்டாணிக்கு ஆறு வயது. ஒரு இடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பாள் என்பதால் அந்தப் பெயர். காரணம் அன்று காலையில் நடந்ததுதான் என்று அம்மாவுக்குத் தெரியும்.

அவள் துணிக்கடைகளுக்கு அளவு திருத்தித் தைத்துக் கொடுப்பவள். கடைகள் மூடிய பிறகு வீட்டிலிருந்தே முகக்கவசம் தைத்தாள். கணவருக்கு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. நோயாளிகளின் விரிப்புகள் சிவப்புப் பைகளில் கட்டப்பட்டு வரும். பையைப் பிரிக்கக் கூடாது, அப்படியே இயந்திரத்துக்குள் போட வேண்டும். கொதிநீரில் பையே கரைந்துபோகும். முன்பு ஒரு நாளைக்கு இருபது சிவப்புப் பை வரும். அந்த வாரம் இருநூறு வந்தது. கூட வேலை செய்த நான்கு பேர் விடுப்பில் போய்விட்டார்கள். “ஊர் அழுக்கையெல்லாம் நீங்க ஒருத்தரேதான் துவைக்கணும்னு தலையெழுத்தா? வீட்டுல ஒரு குழந்தை இருக்கு, நெனப்பிருக்கா?” என்று அவள் அன்று காலை கேட்டாள். “எல்லாரும் வீட்டுல குழந்தைய வெச்சுக்கிட்டு உக்காந்தா அவங்களுக்கு யாரு விரிப்பு மாத்துறது?” என்றார் அவர். பேச்சு வளர்ந்தது. கடைசியில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, “நான் போறேன்,” என்றார். அவளும் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமல், “போங்க,” என்றாள்.

நம் ஆட்கள் கடல் கடந்து வந்தாலும், வீட்டை விட்டுக் கிளம்பும்போது போறேன் என்று சொல்வதில்லை. கறிவேப்பிலை வாங்கத் தெருமுனைக்குப் போகிறவன்கூடப் போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்வான். வீட்டில் இருப்பவர்கள், போயிட்டு வாங்க என்பார்கள். போவதும் வருவதும் ஒரே துணியின் இரண்டு ஓரம். ஒன்றை விட்டுவிட்டால் பிரிந்துவிடும் என்பது தையல் வேலை செய்யும் அவளுக்குத் தெரியாததல்ல. கோபம் என்பது அப்படித்தான். தெரிந்ததைத்தான் முதலில் மறக்கடிக்கும்.

மறுநாள் கட்டடக் காவலாளி டேப் கொண்டுவந்து படிகளை அளந்தார். பதினாறு படியும் சரியாக இருந்தன. தன் நோட்டில் ‘குறை ஏதுமில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார். குடியிருப்பு அலுவலகத்துக்குக் கடிதம் போட்டதில், படிகளைப் பராமரிப்பது மட்டுமே தங்கள் பொறுப்பு, குடியிருப்பவர் வந்து சேர்வதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. தபால்காரர் தினமும் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்ற கணவரைத் தாண்டி நான்காம் மாடிக்குப் போய்வந்தார். அவள் ஒரு நாள் கீழே இறங்கி, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவர் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு ஏறினாள். பதினாறாவது படியில் அவள் மட்டும் தன் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளங்கையில் சூடும் சோப்பு வாசனையும் இருந்தன. “அங்கிருந்தே ஒரு தரம் சொல்லிப் பாருங்களேன்,” என்று மேலிருந்து கெஞ்சினாள். அவர் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று, போயிட்டு வர்றேன், போயிட்டு வர்றேன் என்று பத்துத் தடவை சொன்னார். வீட்டுக்குள்ளிருந்து சொல்ல வேண்டியதை வெளியிலிருந்து சொன்னால் எடுபடவில்லை.

அதன் பிறகு அவர் ஆஸ்பத்திரிக் கிடங்கில், துவைத்து அடுக்கிய விரிப்புகளுக்கு நடுவில் ஒரு மடக்குக் கட்டிலில் தூங்கினார். சாயங்காலம் ஆறு மணிக்குத் தவறாமல் வருவார். அவள் சாப்பாட்டை ஒரு துணிப்பையில் போட்டு, கைப்பிடிச் சுவருக்கு மேலாக நாடாவில் கட்டி இறக்குவாள். நாடா ஒன்றும் நீளவில்லை, மூன்றரை கெஜம் போதுமாக இருந்தது. மூன்றரை கெஜத் தூரத்தில் இருப்பவருக்குப் பட்டாணி எட்டாம் வாய்ப்பாடு ஒப்பித்தாள். ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காட்டினாள். “கிட்ட வந்து பாருங்கப்பா,” என்றாள். “இங்கிருந்தே நல்லாத் தெரியுதுடா,” என்றார். ஒன்றும் தெரியவில்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

முப்பதாம் நாள் வாக்கில் அவர் மறக்கத் தொடங்கினார். முதலில், வீட்டுக் கதவு என்ன நிறம் என்று கேட்டார். பச்சை என்றாள். பிறகு ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார். வந்து சேராத மனிதனுக்கு வீடு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும் போலிருக்கிறது. அவள் தினமும் ஒரு தாளில் வீட்டை எழுதிச் சாப்பாட்டோடு இறக்கினாள். அடுப்புக்கு இடப்பக்கம் அரிசி டப்பா, கதவுக்குப் பின்னால் உங்கள் பழைய கோட்டு, அதன் பையில் ஒரு பொத்தான். அவர் அதைப் பாடம் படிப்பதுபோல் வாய்விட்டுப் படிப்பார். நாற்பத்தோராம் நாள் அவர் நிமிர்ந்து பார்த்து, “பாப்பா, உன் பேர் என்னம்மா?” என்று கேட்டார். பட்டாணி அன்றைக்குச் சொல்லவில்லை. உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டாள். அம்மா கடவுளிடம் அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வீட்டை மறக்கட்டும், என்னைக்கூட மறக்கட்டும், அவளை மட்டும் மறக்க வேண்டாம்.

கடவுள் பெரிய காரியங்களைத் தானே பார்த்துக்கொள்வார். சின்னக் காரியங்களை அக்கம்பக்கத்தாரிடம் விட்டுவிடுவார். மூன்றாம் மாடியில், சரியாக அவர்கள் வீட்டுக்குக் கீழே குடியிருந்தவர் பஸ்காரர். அவரும் நம் பாஷைக்காரர்தான். ஆனால் ஏழு வருடத்தில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு அதிகமில்லை. தையல் மெஷின் சத்தம் தாங்கவில்லை என்று அவர் மனைவி விளக்குமாற்றுக் கட்டையால் கூரையைத் தட்டுவாள். இவளும் வேண்டுமென்றே இன்னும் நான்கு தையல் ஓட்டுவாள். ஊரடங்கின் இருபதாம் நாள் அந்த அம்மாளை மூச்சுத்திணறலோடு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அதிலிருந்து ஆறாம் நாள், உயிர் போய்விட்டது என்று ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும் வந்தது. பஸ்காரர் மறுவாரமே வேலைக்குப் போனார். முன் வரிசை இருக்கைகளில் நாடா ஒட்டிய காலி பஸ்ஸை, ஏறுவதற்கு ஆளில்லாத நிறுத்தங்களில் எல்லாம் நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்.

குழந்தையின் பெயரைக் கேட்ட அந்தக் குரல் அவர் கதவைத் தாண்டித்தான் மேலே போனது. மறுநாள் காலை அவர் பதினாறு படி ஏறிவந்து, எட்டி நின்றே பேசினார்.

“தங்கச்சி, தம்பி மூணாவது மாடி வரைக்கும் வந்துடறாருல்ல?”

“வர்றாருண்ணே. அதுக்கு மேலதான்...”

“அப்ப மூணாவது மாடியே வீடா இருக்கட்டுமே. நீங்க என் வீட்டுக்கு இறங்கிடுங்க. நான் இங்க ஏறிக்கிறேன். எனக்கென்ன, ஒத்தக் கட்டை. எந்த மாடியில படுத்தாலும் தூக்கம் வராது.”

அவளுக்கு விளக்குமாற்றுக் கட்டை ஞாபகம் வந்தது. “உங்க சத்தத்துக்குப் பழகிட்டேன்மா,” என்று அவரே சொன்னார். “இப்ப மேல வந்துட்டா உங்களை நான் மிதிக்கலாம்.” சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, “ஒரே ஒரு யோசனைதான் இருந்துச்சு. ராத்திரியெல்லாம் அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். அவ போகும்போது ஒழுங்கா சொல்லிட்டுத்தான் போனா. மூச்சு வாங்குது, ஆம்புலன்ஸ்காரன் அவசரப்படுத்துறான், அப்பவும் வாசல்ல நின்னு, போயிட்டு வர்றேங்கன்னா. சொன்னா செய்யறவ. வந்து பாத்துட்டு வேற ஆள் இருந்தா...” என்று நிறுத்தினார்.

“அப்ப வேண்டாம்ணே. நீங்க அங்கேயே இருங்க.”

“பஸ்காரன் பொண்டாட்டிம்மா அவ. ஸ்டாப்பை ஒரு மாடி தள்ளி வெச்சா கண்டுபிடிக்க மாட்டாளா? சாவியக் குடு.”

ஒரு பகலில் இரண்டு வீடும் இடம் மாறின. அலுவலகம் பூட்டியிருந்ததால் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மெஷினை அவரும் அவளும் முகக்கவசத்தோடு மூச்சுவாங்க இறக்கினார்கள். மனைவியின் புடவைகளை அவர் தானே மார்போடு அணைத்து நான்கு நடையாக ஏற்றினார். உதவிக்குப் போனவளைத் தலையசைத்து நிறுத்திவிட்டார். சாயங்காலம் ஆறு மணி எட்டு நிமிடத்துக்குப் பட்டாணியின் அப்பா மூன்றாம் மாடிக்கு வந்து, மேலே திரும்பாமல், திறந்திருந்த கதவுக்குள் காலை வைத்தார். கால் உள்ளே போனது. “இது யாரு வீடு?” என்று கேட்டார். “நம்ம வீடுதான். கை கழுவிட்டு வாங்க,” என்றாள் அவள். நான்காம் நாள் சாப்பிடும்போது, “பட்டாணி, சிந்தாமச் சாப்பிடு,” என்றார். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வீட்டின் மற்ற விஷயங்கள் வர ஒரு வருடமானது. சில வரவே இல்லை. பச்சைக் கதவு அவர் நினைவுக்குத் திரும்பவில்லை. நான்காம் மாடிக்கு அவரால் கடைசிவரை ஏறவும் முடியவில்லை. கட்டடத்தில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

ஊரடங்கு தளர்ந்தது, மறுபடி வந்தது, மறுபடி தளர்ந்தது. பட்டாணிக்கு மூன்று பல் விழுந்து மூன்றும் முளைத்தன. சிவப்புப் பைகள் இருபதுக்குத் திரும்பின. பஸ் இருக்கைகளின் நாடாவைப் பிய்த்த இடத்தில் பசை மட்டும் நின்றது. மேலே ஒரு ஆள் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு. அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மேலே போகும். கிண்ணம் கழுவித் திரும்பி வரும். அவர் செய்ததற்குக் குழம்பு ஈடாகுமா என்று அவள் ஒவ்வொரு முறையும் நினைப்பாள்.

மூன்றாம் வருடம், மழை பெய்த ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்றரைக்குக் கதவு தட்டப்பட்டது. கணவர் வேலையில், குழந்தை பள்ளிக்கூடத்தில். அவள் கதவைத் திறந்தாள். பஸ்காரரின் மனைவி நின்றிருந்தாள். ஆம்புலன்ஸில் போன அன்று போட்டிருந்த நீலக் கம்பளிச் சட்டை, செருப்பில்லாத கால், தலையிலிருந்து சொட்டும் தண்ணீர். “கொஞ்சம் நேரமாயிடுச்சு,” என்றாள். உள்ளே எட்டிப் பார்த்து, மெஷினைக் கண்டு, முகம் சுருங்கினாள். “இது... என் வீடுதானே?”

எங்கிருந்து வருகிறாள் என்று கேட்க இவளுக்குத் தோன்றவில்லை. வழியில் நனைந்து வந்தவளிடம் அதையா கேட்பார்கள். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிவிட்டாள். தன் செருப்பைக் காலடியில் போட்டாள். “அண்ணன் மேல இருக்காரு அண்ணி. எங்களுக்காக மாறினாரு. உங்களைத்தான் பாத்துக்கிட்டே இருக்காரு. வாங்க,” என்று கையைப் பிடித்தாள். கை ஜில்லென்றிருந்தது. முன்பு பிடித்திருந்த கையை இதே படிகளில் இழந்தவள் இவள். படிகளை எண்ணவில்லை, எண்ணப் பயமாயிருந்தது. பிடியை மட்டும் விடவில்லை. கடைசிப் படி ஏறித் திரும்பிப் பார்த்தபோது அண்ணி பக்கத்திலேயே, மூச்சு வாங்காமல், பச்சைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவள் மணியை அழுத்தினாள். உள்ளே கட்டிலிலிருந்து எழுந்து வரும் காலடிச் சத்தம் கேட்டது. கதவு திறப்பதற்குள் இவள் இறங்கிவிட்டாள்.

வீட்டுக்குள் போய், ஒரு பழைய விரிப்புத் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். படிகளில் ஈரக் காலடிகள் வரிசையாக இருந்தன. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் காவலாளியும் பார்த்து ஊரைக் கூட்டுவார்கள். அவர்கள் இருவரையும் நிம்மதியாக இருக்கவிட மாட்டார்கள். அவள் மண்டியிட்டு, மேல்படியிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.