நீலம் இல்லாத கடல்

இத்தால் யாழ் குடாநாட்டுப் பெருமக்கள் சகலருக்கும் அறியத்தருவது: கார்ட்டூன் படங்களுக்கு நிறம் வந்த மாபெரும் சம்பவத்தை, உலகில் வேறெந்த ஊரும் நினைத்துப் பார்க்காத வேளையில், உரும்பிராயில் எங்கள் வாசிகசாலை கடந்த ஞாயிறன்று கொண்டாடியது. அழைப்பிதழில் தலைவர் கனகலிங்கத்தின் படம் மட்டும் நிறத்தில் இருந்தது.

விழாவுக்கென்று எங்கள் ஊர்ச் சித்திரக்காரி பிரதீபா ஒரு சிறு கார்ட்டூன் படம் வரைந்திருந்தாள். நிறம் வந்த புதிதில் மூன்று நிற முறையின் உரிமையை ஒரே நிறுவனம் தன் கைக்குள் வைத்திருந்தது. மற்றவர்களுக்குச் சில வருடங்கள் சிவப்பும் பச்சையும்தான், நீலம் கிடையாது. அந்த இரண்டை மட்டும் வைத்து அவள் மயிலிட்டிக் கடலை வரையத் துணிந்தாள். அவற்றைக் கலந்தே தோணியைச் செம்மஞ்சளாகத் தீட்டிச் சுற்றிலும் சாம்பல் பூசினால், பார்ப்பவர் கண் தானாகவே சாம்பலில் நீலத்தைக் காணும். இல்லாத நிறத்தைப் பார்ப்பவரைக் கொண்டே போடவைப்பது! காணுமா? மாதக்கணக்காக அதையே பார்த்ததில் அவளுக்குத் தன் கண்ணிலேயே நம்பிக்கை போய்விட்டது. ஊரார் கண்தான் சொல்லவேண்டும்.

மண்டபம் கொள்ளாது என்று முற்றத்தில் திரை கட்டினார்கள்.

"இருட்டினாப் பிறகு போடுவம் ஐயா. வெயிலுக்கை ஒண்டும் தெரியாது," என்றாள் பிரதீபா தலைவரிடம்.

"பிரதம விருந்தாளி ஆறு மணிக்குக் கொழும்பு பஸ் எடுக்கவேணும், பிள்ளை. நாலரைக்கு ராகு காலம் வேறை."

"அதுக்காக?"

"நல்ல நேரத்திலை தொடங்கினா எல்லாம் வடிவாத் தெரியும். நீ பேசாமல் இரு."

நாலேகாலுக்குத் தலைவர் புரொஜெக்டருக்கு மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினார். ஒலிபெருக்கியில் இசை எழுந்தது. பிரதீபா திரைக்கு முதுகைக் காட்டி நின்று சனத்தின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மிகுந்த மரியாதையுடன் பார்த்தார்கள். இசை நின்றதும் பலத்த கைதட்டல்.

"உண்மையைச் சொல்லுங்கோ ஐயா, கடல் என்ன நிறமாத் தெரிஞ்சது?"

"உதென்ன கேள்வி? நல்ல நீலம்!" என்றார் தலைவர்.

"அசல் நீலம்," என்றார் விருந்தாளி, பொன்னாடையைச் சரிசெய்தபடி.

முன்வரிசை நல்லம்மா அலையின் நுரையையும் கண்டாராம்.

மாதக்கணக்காக அவள் காத்திருந்த அதே பதில். கண்கலங்கியபடி புரொஜெக்டரை எடுத்துவைக்கப் போனாள்.

அதன் லென்ஸ் மூடி, சந்தனப் பொட்டோடு, கழற்றப்படாமல் இருந்தது.