பூண்டுக் கொட்டகையில் ஈக்கள்

கொடைக்கானல் மேல்மலையிலுள்ள போளூரில் பஸ்ஸை விட்டிறங்கி லீலாவின் வீட்டு வாசலுக்கு வந்த ஜெயப்பிரியாவுக்குத் தலை கிர்ரென்றது. பலகை காலியாகக் கிடந்தது. அதன்மேல் ஒரு தட்டில் வரிசையாக நிறுத்திவிட்டுப் போன கண்ணாடிக் குழாய்களில் ஒன்றைக்கூடக் காணோம்.

குழாய்களுக்குள் இருந்தவை பழ ஈக்கள். கனிந்த வாழைப்பழத்தைத் தேடி வந்து மொய்க்குமே, அதே பொடி ஈக்கள்தான். புகை நிறைந்த காற்று ஓர் உயிரை என்ன செய்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. எலியை வைத்துச் செய்ய அனுமதி வாங்குவதற்குள் தலை நரைத்துவிடும். ஈயைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பாதி ஈக்களை, சீசன் வண்டிகள் புகை கக்கும் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை மாடியில் வைத்திருந்தாள். மீதியைச் சுத்தமான காற்றுக்கென்று இந்த மலைக் கிராமத்தில், பூண்டு விளைவிக்கும் லீலாவின் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் ஆராய்ச்சிக்கு அர்த்தம். ஏற்கெனவே ஒரு தடவை மாடிக் குழாய்களைக் குரங்கு உருட்டிவிட்டது. இன்னொரு தடவை யாரோ புண்ணியவான் கொசு மருந்து அடித்துவிட்டான். இந்தத் தடவையும் சொதப்பினால் வேறு தலைப்பைப் பார்த்துக்கொள் என்று பேராசிரியர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"லீலாக்கா! என் குழாயெல்லாம் எங்கக்கா?"

லீலா முந்தானையில் கையைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டே வந்தாள். "பத்திரமா இருக்குங்க டீச்சர்." டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு டீச்சர்தான். "பனியில வெறைச்சுப்போயி அசையாம கெடந்துச்சுங்க. பாக்கவே பாவமா இருந்துச்சு. அதான் வெரசா கொண்டுபோயி பூண்டுக் கொட்டகையில வச்சுட்டேன். அங்கன கணகணன்னு இருக்கும்ல."

மலைப்பூண்டைக் கட்டுக் கட்டாக உத்திரத்தில் தொங்கவிட்டு, கீழே ஈர விறகைப் போட்டு நாள் முழுக்கப் புகைமூட்டம் போடுகிற கொட்டகை அது. ஜெயப்பிரியாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா!"

"ஈயத் தொடலீங்களே. தட்டோடதான் தூக்குனேன்."

தட்டு வந்தது. ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஈக்கள் கடுகு சிந்தினாற்போல் கிடந்தன. தட்டித் தட்டிப் பார்த்தாள். ஒன்றுகூட எழவில்லை.

"பஸ் ஸ்டாண்டுல இருக்கறதுகூட நல்லா பறக்குதுக்கா. இங்க மொத்தமும் செத்துப்போச்சு!" ஆத்திரத்தில் குரல் உடைந்தது.

லீலாவின் முகம் சுண்டிப்போயிற்று. "பூச்சிக்கு ஒத்துக்கலையோ என்னமோங்க. எங்களுக்கு ஒண்ணும் செய்யலையே. குளிருக்குப் பாப்பாவயும் அங்கனதான் தூங்கப் போடுறேன்."

"பாப்பா இப்ப எங்கக்கா?" என்ற ஜெயப்பிரியாவுக்குக் கொட்டகையைக் காட்டியபடி லீலா நடந்தாள். தட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல் லீலாவின் பின்னாலேயே கொட்டகை வாசலுக்குப் போனாள். கண் எரிந்தது. தொங்கும் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே, அதே உத்திரத்தில் ஒரு சேலைத் தொட்டில்.

"அக்கா..." என்றாள்.

"இருங்க டீச்சர், தணல் அமருது" என்று குனிந்த லீலா, ஒரு கையால் தொட்டிலை ஆட்டிவிட்டு மறுகையால் இன்னொரு ஈர விறகைச் செருகினாள். தொட்டில் புகைக்குள் போயிற்று, வெளியே வந்தது, மறுபடி புகைக்குள் போயிற்று.