சிடியின் பளபளப்பான பக்கம்

என் பையிலிருந்த சிடியைப் போட்டால் அந்தக் கணினி எழுந்தது. பன்னீர்செல்வம் அண்ணனின் சிடியைப் போட்டால் எழவில்லை. காலை பத்து மணியிலிருந்து இதே கதை. சிடி உள்ளே போகும், சுழலும் ஓசை கேட்கும், பச்சை விளக்கு நாலைந்து முறை மினுக்கும், பிறகு எல்லாம் அடங்கிவிடும். கறுப்புத் திரையில் ஒரே ஒரு ஆங்கில வரி வந்து நிற்கும். துவக்குவதற்கான தட்டைப் போடச் சொல்லும் வரி. போட்டுத்தானே இருக்கிறோம்?

"ஒன் சிடிய முழுங்குது, என் சிடிய துப்புது. இது இன்னாம்மா ஓரவஞ்சன?" என்றார் அவர்.

நான் செங்கல்பட்டில் கணினி பழுது பார்க்கிறவள். பெயர் ரோகிணி. எழாத கணினிக்கு என்னிடம் இருப்பது ஒரே வைத்தியம்தான். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பேன், மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிடுவேன். கேபிளை மாற்றினேன். முதலில் சிடியைத் தேடு, பிறகு ஹார்ட் டிஸ்க்கைத் தேடு என்று வரிசையைத் திருத்தினேன். கடைசியாக என் சிடியைப் போட்டேன், எழுந்தது. அப்படியானால் டிரைவ் சரி, கேபிள் சரி, வரிசையும் சரி. மிச்சமிருப்பது அவருடைய சிடி மட்டும்தான்.

அதை அவர் என் கையில் கொடுக்கவே இல்லை. உறையிலிருந்து அவரே எடுத்தார், அவரே வைத்தார். ஒரு விரலை நடுத்துளையில் நுழைத்து, பெருவிரலை விளிம்பில் கொடுத்து, பரப்பில் எங்கும் படாமல் பிடித்தார். என் கடைக்கு வருகிறவர்கள் சிடியை தோசை மாதிரி பிடிப்பார்கள். இவர் பிடித்த பக்குவத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "இப்படிப் பிடிக்க யாருண்ணே சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டேன். அவர் சிடியை டிரைவில் வைத்து உள்ளே தள்ளினார்.

நான் வந்திருந்தது படாளத்தில் இருக்கும் அவருடைய எடைமேடைக்கு. லாரி ஏறி நிற்கிற இரும்புத் தளத்துக்கு அடியில் ஆறு எஃகுத் தாங்கிகள். பாரம் ஏறியதும் அவை தலைமுடியின் தடிமனைவிடக் குறைவாக நசுங்கும். அந்த நசுக்கலில் அவற்றோடு ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியில் மின்சாரம் ஓடுவது கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் ஜன்னலோரப் பெட்டி சிவப்பு எண்களாகக் காட்டுகிறது. பத்து டன் சவுக்குக் கட்டையைக் கண்ணுக்கே தெரியாத ஒரு நசுக்கல் சொல்லிவிடுகிறது என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். பெட்டி அன்றும் எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சீட்டு அடிப்பது கணினி. சீட்டு இல்லாத எடையை எந்த ஆலையும் ஏற்காது.

ஒன்பது வருடமாக அந்த ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து சீட்டு அடித்தவர் அண்ணனின் மனைவி பிரபாவதி. கார்த்திகையில் நாலு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் அவர் இல்லை. அன்று பூட்டிய எடைமேடையை அண்ணன் மாசியில்தான் திறந்தார். திறந்தபோது ஹார்ட் டிஸ்க் செத்திருந்தது. புதியது போட்டுவிட்டேன். அதில் ஏற்ற வேண்டிய எல்லாமே அந்த ஒரு சிடியில் இருந்தது. எடை மென்பொருளை எழுதிக் கொடுத்த சென்னைக் கம்பெனி மூடிப் பல வருடம் ஆகிறது. வேறு பிரதி கிடையாது.

"இந்த வாரத்துக்குள்ள ஓடலன்னா மூடிட்டு கூடுவாஞ்சேரிக்கு வந்துடறேன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்," என்றார் அண்ணன். "சொல்லிட்டேனே தவிர மனசு வர்ல. அவ ஒக்காந்த எடத்த நானே பூட்டுனா, அவள ரெண்டாந்தரம் தூக்கிக் குடுத்த மாதிரி கீதும்மா."

அப்போது வெளியே ஹாரன் அடித்தது. செய்யூரிலிருந்து சவுக்கு ஏற்றி வந்த ஆனந்தன், லாரியை மேடைமேல் நிறுத்திவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினான்.

"அண்ணாத்த, தொறந்துட்டன்னு கேள்விப்பட்டு ஓடியாறேன். சீட்டு குடுப்பியா, இல்ல கண்ணால பாத்தே எட சொல்லப் போறியா?"

"குந்துடா செத்த நேரம். கம்ப்யூட்டர பாத்துகினு கீறாங்க."

"அண்ணியா இருந்தா இந்நேரம் சீட்டும் குடுத்து, சட்டையில பட்டன் போடுறான்னு ஒரு திட்டும் குடுத்து அனுப்பிச்சிருக்கும்," என்றவன், சொன்ன பிறகுதான் அண்ணன் முகத்தைப் பார்த்தான். "டீ சொல்லிட்டு வரேன்," என்று இறங்கிப் போய்விட்டான். போகும்போது சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே போனான்.

நான் டிரைவைத் திறந்தேன். "அண்ணே, இந்த சிடியோட அடிப்பக்கத்தை நான் இன்னும் பார்க்கல. கொஞ்சம் திருப்புங்க."

"அடியில ஒண்ணுமில்லம்மா."

"எழுத்து இருக்கிறது வெறும் மேல்தோல். படிக்கிறதெல்லாம் அடிப்பக்கத்துலதான். சின்னக் கீறல் இருந்தாலும்..."

அவர் சிடியைத் திருப்பினார்.

நடுத்துளையைச் சுற்றி மூன்று பொட்டுகள். காய்ந்த சந்தனம், ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். குடத்தின் வாயைச் சுற்றி வைப்பதுபோல, ஒரே இடைவெளியில். ஒன்றின் ஓரத்தில் விரல் ரேகை கூடத் தெரிந்தது.

"ஆயுத பூஜைக்கு வெச்சா," என்றார். "எல்லாத்துக்கும் வெச்சா. பெட்டிக்கு, பிரிண்டருக்கு, என் ஸ்பேனருக்கு. மத்ததெல்லாம் தொட்டுத் தொட்டு அழிஞ்சி போச்சி. இது ஒறைக்குள்ள இருந்ததால நின்னுச்சி. அவ கை பட்டது அப்பிடியே கீறது இது ஒண்ணுதாம்மா."

எனக்கு விடை கிடைத்துவிட்டது. முதல்முறையாக, கிடைத்த விடையைச் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டார், சொன்னேன். பழைய இசைத்தட்டை ஊசி வெளியிலிருந்து உள்ளே படிக்கும். சிடி நேர்மாறு. ஒளிக்கதிர் துளையின் அருகே தொடங்கி, சுருளாக வெளியே போகும். என்ன எங்கே இருக்கிறது என்ற பட்டியலும், கணினி எழுவதற்கான முதல் வரிகளும் மிகவும் உள்ளே இருக்கும். அங்கே கதிர் போய்த் திரும்பி வர வேண்டும். சந்தனம் இருந்தால் திரும்பி வராது.

"அப்ப ஓரத்துல வெச்சிருந்தா?"

"ஓரத்துல வெச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது அண்ணே. இந்த சிடியில முக்கால்வாசி காலி. இதோ பாருங்க, உள்ளே கொஞ்சம் கறுத்த வளையம் தெரியுதே, அதுவரைக்கும்தான் எழுதியிருக்கு."

அவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மூன்று பொட்டும் அந்த வளையத்துக்குள்ளேயே இருந்தன.

"மேல்பக்கம் வெக்கத்தான் போனா," என்றார் மெதுவாக. "அதுல சாப்ட்வேர் ஏத்தறப்ப கேக்கற பெரிய நம்பர் ஒண்ணு பேனாவுல எழுதிக் கீதே, மறைஞ்சிடப் போவுது, அந்தாண்ட வையின்னு நான்தான் சொன்னேன். சரின்னு திருப்பி வெச்சா."

சில டிரைவ்களின் கண் மற்றவற்றைவிடக் கூர்மையாக இருக்கும். என்னிடமிருந்த வெளி டிரைவில், பொட்டு உரசாமல் வைத்துப் பார்த்தேன். அதுவும் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுக் கைவிட்டது. மடிக்கணினியில் பார்த்தேன், அதிலும் இல்லை.

"ஒரு போட்டோ எடுத்து வெச்சிக்கலாம் அண்ணே," என்றேன்.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. பளபளப்பான பரப்பு கண்ணாடி மாதிரிதான். ஃபோன் அதன் மேலிருக்கும் பொட்டைக் கூர்மையாக்காமல், அதில் விழும் பிம்பத்தைத்தான் கூர்மையாக்கியது. மங்கலான மூன்று பொட்டுகளுக்கு நடுவே என் முகம் தெளிவாக விழுந்தது. சாய்த்துப் பிடித்தால் அண்ணன் முகம் விழுந்தது. நாலாவது தடவை அவர் என் கையைத் தாழ்த்தினார்.

"உடும்மா. அவளும் இதுல மூஞ்சியப் பாத்துகினுதான் வெச்சா. பாத்துட்டு, நரைச்சிப் போச்சிய்யான்னு சிரிச்சா."

வெளியே ஆனந்தன் டீத் தம்ளர்களோடு வந்தான். ஜன்னலைப் பார்த்தவன் உள்ளே வராமல், லாரியின் நிழலில் உட்கார்ந்துகொண்டான். மேடைமேல் லாரி நின்றபடியே இருந்ததால் சிவப்பு எண் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார்.

"எப்பிடித் தொடைக்கணும்?" என்று கேட்டார்.

"நான் தொடைக்கட்டுமா?"

"வேணாம். எப்பிடின்னு மட்டும் சொல்லு."

சொன்னேன். மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, முதலில் பொட்டின் மேல் வைத்து ஊறவிட வேண்டும். காய்ந்த சந்தனத்தைத் தேய்த்தால் கீறிவிடும். பிறகு நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. எழுத்து வட்டமாக ஓடுகிறது. வட்டமாகக் கீறல் விழுந்தால் ஒரு வரி முழுக்கப் போய்விடும். குறுக்கே விழுந்தால் ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்துதான் போகும், அதைக் கணினியே ஊகித்து நிரப்பிக்கொள்ளும்.

"நேரா. நடுவுலேந்து," என்று ஒருமுறை திருப்பிச் சொன்னார்.

முதல் பொட்டு ஊறியதும் அறையில் லேசாகச் சந்தன வாசனை வந்தது. அவர் கை நின்றது. மூச்சை உள்ளே இழுத்தார், விடவில்லை. நான் சுவரைப் பார்த்தேன். மறுபடி பார்த்தபோது இரண்டாவது பொட்டு ஊறிக்கொண்டிருந்தது. ரேகை பதிந்திருந்த மூன்றாவதைத் துடைக்க வெகுநேரம் ஆயிற்று.

மஞ்சளும் சிவப்புமாக இருந்த துணியை, "நீங்களே வெச்சிக்குங்க அண்ணே," என்றேன்.

"இதுல இன்னா கீது? வெறும் கறை," என்று மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

ஈரம் காயும்வரை காத்திருந்தோம். அவரே சிடியை வைத்தார், அவரே உள்ளே தள்ளினார். இந்த முறை பெருவிரல் பரப்பில் பட்டதை அவர் கவனிக்கவில்லை. பச்சை விளக்கு நாலைந்து முறை மினுக்கியது, பிறகு விடாமல் எரிந்தது. திரையில் நீலப் பின்னணி விரிந்தது. நிறுவலாமா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

டிரைவிலும் கணினியிலும் கோளாறு எதுவும் இல்லை. சிடியின் உள்வளையத்தை மறைத்திருந்த சந்தனத்தை ஈரத் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்தோம், கணினி எழுந்துவிட்டது.