இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு காவலாளி

1.

இந்தக் கதையை என் தம்பியின் தலைவலியிலிருந்து திருடினேன். அவன் கட்டடங்களுக்கு ஜன்னல் கண்ணாடி பொருத்துகிறவன். வருடத்தில் சில வாரங்கள், தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும், இடது கண்ணுக்குப் பின்னால் வலி வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் வடியும். படுக்க முடியாமல் சுவருக்குச் சுவர் நடப்பான். கொத்துத் தலைவலி என்று அதற்குப் பெயர். (தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வராததால்தான் எழுத முடிகிறது.)

2.

முதல் வரி இப்படி இருந்தது: 'உடலின் காவற்படை அன்று மதியம்...'

பாடப்புத்தக வாடை. அடித்துவிட்டேன். தம்பிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா சொன்னதே மேல்.

"நோய் வராம காக்கிற செல்களுக்கும் இதுல பங்கு இருக்கலாம்மா. இருக்கலாம், அவ்வளவுதான். இன்னும் உறுதியாத் தெரியாது."

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அந்த 'இருக்கலாம்' போதாதா? ஒரு காவலாளியை உருவாக்கினேன். தம்பியையே அந்நியன் என்று நினைத்துக் கதவை இடிக்கிறவன்.

3.

தம்பியிடம் படித்துக் காட்டினேன்.

"இடிக்கலக்கா, மோதுறான். அவனுக்கு நான் இருக்கிறதே தெரியல. புதுக் கண்ணாடி மாட்டினா நாங்க அதுல பெருக்கல் குறி போடுவோம். இல்லன்னா காலி இடம்னு நெனச்சு ஆளுங்க வந்து மோதிடுவாங்க."

சாக்பீஸ் எடுத்துத் தன் இடது நெற்றிப்பொட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டான். சிரித்தேன். அன்று வலி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

4.

நேற்று வலி திரும்பி வந்தது. [இங்கே வலி தணிய அவன் மூச்சிழுக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் பற்றி ஒரு பத்தி இருந்தது. யாருக்கு வேண்டும்?] முகமூடியை இறக்கிவிட்டு, யாருக்கோ பதில் சொன்னான்.

"நான்தாங்க. இது என் வீடுதாங்க."

அது அன்று காலை நான் எழுதி, பிடிக்காமல் அடித்த வரி. அவனுக்குக் காட்டவேயில்லை.

"யார்கிட்டடா பேசுற?"

"குறி போட்டது தப்புக்கா. இங்க ஆள் இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. யாருன்னு கேக்கிறான். அவன் நம்புற மாதிரி ஒரு பதில் எழுதிக் குடு."

5.

ஒரு முடிவு: மருந்து கொடுத்துக் காவலாளியைத் தூங்கவைக்கிறார்கள். காவல் இல்லாத வாசலில்... (வேண்டாம். பயமாக இருக்கிறது.)

இன்னொன்று: காவலாளி தம்பியை அடையாளம் கண்டு மன்னிப்புக் கேட்கிறான். இதை நானே நம்பவில்லை.

இல்லையென்றால், கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், சரி, நான் வேறு ஆள்தான் என்று தம்பி ஒத்துக்கொள்...

இல்லை. இதை நான் எழுதவில்லை.

6.

பக்கத்து அறையில் நடை நின்றுவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வருகிறான். கண்கள் இரண்டும் தெளிவாக இருக்கின்றன. வலி போய்விட்டது. அப்பாடா என்று எழுகிறேன்.

"யாருங்க நீங்க? இங்க என்ன பண்றீங்க?"

பேசத் தொடங்கியதிலிருந்து என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

"நான்தான்டா, அக்கா."

அசையவில்லை. மரியாதையாகக் காத்திருக்கிறான்.

இவ்வளவு நேரம் என்னோடு இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். முடிவை உங்களிடமே விடுகிறேன். அடுத்து உங்கள் பக்கம் திரும்பிக் கேட்பான். நான் இவனுடைய அக்காதான் என்று சொல்லிவிடுங்கள். சொல்வீர்கள்தானே? உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும்தானே, இல்லை, நான் சொன்னதை வைத்துத்தான்