மங்கையர்க்கரசியை அகற்றுதல்

சென்ற ஆடி மாதத்திலிருந்து என் மனைவி மங்கையர்க்கரசி எங்கள் படுக்கையறையின் தெற்குச் சுவரில் பச்சைப் பெயிண்டாக இருந்துவருகிறாள். இதில் குறை சொல்ல எதுவுமில்லை. உறையூரில் எங்கள் தெருவில் இப்படி நேர்வதுண்டு. எதிர்வீட்டு வங்கி மேலாளர் ஒரு மழைக்காலம் முழுவதும் மாடிப்படியாக இருந்துவிட்டுப் பணிக்குத் திரும்பினார்.

அவள் பழையபடியே பேசினாள். சாம்பாரில் புளி போதாது என்பதை வாசனையை வைத்தே சொன்னாள். மாலையில் அலுவலகத்திலிருந்து வந்ததும் நான் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து அமர்வேன். அமர்வதற்கு முன் அவளிடம் அனுமதி கேட்பேன்.

“கட்டுன பொண்டாட்டி மேல சாயறதுக்குப் பர்மிஷன் கேக்குற ஒரே ஆளு நீங்கதான்” என்று சிரிப்பாள்.

அவள் சிரித்தால் பெயிண்ட் உதிரும். அது பழைய காலத்துப் பெயிண்ட். அதில் ஈயம் இருந்தது. ஈயம் இனிக்கும். எங்கள் மகள் பூவிழிக்கு மூன்று வயது. உதிர்ந்த சில்லுகளை அவள் பொறுக்கித் தின்றாள்.

தின்னத் தின்ன அவள் சொற்களை இழந்தாள். முதலில் பூனை போயிற்று. பிறகு கதவு. பிறகு நாளை. ஒரு காலையில் என் முன் தம்ளருடன் வந்து வெகுநேரம் நின்றாள். எதையும் கேட்காமலே திரும்பிப் போனாள்.

மங்கையர்க்கரசி சிரிப்பதை நிறுத்தினாள். ஆயினும் பூவிழி என் செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு சுவரின் முன் வந்து நிற்பாள். எந்தத் தாயாலும் அதற்குச் சிரிக்காமல் இருக்க இயலாது.

“என்னை எடுத்துடுங்க” என்றாள் மங்கையர்க்கரசி.

“பாக்கலாம் அரசி.”

“பாக்கலாம்னா எடுக்க மாட்டீங்கன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?”

அப்போது மார்கழி முடியும் தறுவாய். பொங்கலுக்கு முன் எல்லா வீடுகளிலும் சுவரைச் சுரண்டி வண்ணம் பூசுவார்கள். நானும் ஒரு பெயிண்டரை வரவழைத்தேன். உண்மையான காரணத்தைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. “பொங்கல் வருதுல்ல” என்று மட்டும் சொன்னேன். அவர் உப்புத்தாளால் தேய்த்தார்.

“ஐயோ, கூசுதுங்க” என்று மங்கையர்க்கரசி விடாமல் சிரித்தாள்.

வீடெங்கும் பச்சைத் தூசி படிந்தது. இட்லியிலும் படிந்தது. பெயிண்டரைப் பாதியில் அனுப்பிவைத்தேன். அன்று மாலைக்குள் பூவிழி தன் பெயரையும் இழந்திருந்தாள்.

மறுநாள் என் அழைப்பின்பேரில் ஈய அகற்றல் அலுவலர் திருமதி பிலோமினா ஒரு தச்சருடன் வந்தார். அலுவலர்கள் வந்தால் எங்கள் வீட்டு நடை நீண்டுவிடும். வாசலில் காலையில் செருப்பைக் கழற்றியவர், பாதி வழியில் அமர்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு, பிற்பகலில் படுக்கையறையை அடைந்தார். நான் மறுமுனையில் நின்று வருத்தம் தெரிவித்துக்கொண்டே இருந்தேன்.

அவர் சுவரைப் பார்த்தார்.

“யாரு சார் சுரண்டச் சொன்னது?”

“நான்தாங்க மேடம்.”

“எதுக்குன்னு சொன்னீங்க?”

“பொங்கலுக்குன்னு.”

“அப்ப இது அகற்றல் இல்ல. அழகு பண்றது. சட்டத்துல ரெண்டும் வேற வேற.”

“உப்புத்தாள் ஒண்ணுதானே மேடம்?”

“சட்டம் உப்புத்தாளப் பாக்காது சார், எண்ணத்தப் பாக்கும். இந்த ஆபத்து இனிமே வரவே கூடாதுன்னு நெனச்சுச் செஞ்சாத்தான் அகற்றல்.”

பிறகு அவர் அகற்றல் என்பதன் பொருளை விளக்கினார். முழுவதும் சுரண்டி எடுப்பது அகற்றல். சுவரையே இடித்து வேறு சுவர் எழுப்புவதும் அகற்றல். தூசி கசியாதபடி பலகையால் மூடுவதும் அகற்றலே. ஆனால் அந்த மூடல் இருபது ஆண்டுகள் தாங்க வேண்டும்.

“மூடினாலுமா? அவ உள்ளதானே இருப்பா?”

“இருக்கட்டும். வெளிய வரக் கூடாது. அவ்வளவுதான்.”

“மூடிடுங்க” என்றது சுவர். “சுரண்டுனா கூசும்.”

“ஏம்மா, பேசவும் முடியாது. பேசுனா சிரிப்பு வரும். சிரிச்சா உதிரும்.”

“இவர்கிட்டப் பேசி என்ன ஆகப்போகுது? எதைக் கேட்டாலும் பாக்கலாம்பாரு.”

அவள் இதைச் சொன்னபோது பச்சை சற்று அடர்ந்தது.

தச்சர் சிமெண்ட் பலகையைப் பொருத்தினார். கடைசித் திருகாணியை முடுக்கியதும் எல்லாத் திருகாணிகளும் தாமே சுழன்று கழன்று விழுந்தன. அவர் மீண்டும் முடுக்கினார். அவை மீண்டும் விழுந்தன. தச்சர் அலுவலரைப் பார்த்தார். அலுவலர் என்னைப் பார்த்தார்.

“மனசுல என்ன சார் நெனச்சீங்க?”

“நல்ல நாள்ல மட்டும் கொஞ்சம் திறந்து பாக்கலாமேன்னு.”

“அது இடைக்கால ஏற்பாடு. அகற்றல் இல்ல.”

“பாப்பா கல்யாணத்தப்பவாவது?”

“அதுவும் இடைக்காலம்தான் சார்.”

“என்னங்க, இங்க வாங்க” என்றாள் மங்கையர்க்கரசி. நான் பலகையின் இடுக்கில் காதை வைத்தேன்.

“பாப்பாகிட்ட அவ பேரக் கேளுங்க.”

நான் முழந்தாளிட்டுப் பூவிழியிடம் கேட்டேன். அவள் தன் பெயர் என் வாய்க்குள் இருப்பதைப்போல என் வாயையே பார்த்தாள். நான் அதை எடுத்துத் தருவேன் என்று பொறுமையாகக் காத்திருந்தாள்.

நான் எழுந்தேன்.

“மூடுங்க” என்றேன்.

தயவுசெய்து என்ற சொல் இல்லாமல் என் வாழ்நாளில் நான் இட்ட முதல் கட்டளை அது.

“அடேயப்பா” என்றாள் மங்கையர்க்கரசி, சிரிக்காமல். பலகை மூடியது.

திருகாணிகள் கழலாமல் நின்றன. அலுவலர் ஈரத்துணியால் விளிம்புகளைத் துடைத்துப் பார்த்தார். துணியில் பச்சை இல்லை.

“மனைவி?” என்று கேட்டார்.

“அகற்றப்பட்டாங்க” என்றேன்.

அப்போது பூவிழி பலகையின் அருகே சென்று அதில் கன்னத்தை வைத்தாள். அவளை விலக்குவதற்காகக் கை நீட்டினேன். அவள் கன்னத்தைச் சுற்றிப் பலகை வெதுவெதுப்பாக இருந்தது. மற்ற இடங்கள் சிமெண்டாகக் குளிர்ந்திருந்தன. அலுவலர்களிடம் எதையும் மறைக்க எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டேன்.

திருமதி பிலோமினா அங்கே கை வைத்தார். நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

“தூசி வரக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கு” என்றார். “சூட்டப் பத்தி ஒண்ணும் சொல்லல சார்.”

அவர்கள் விடைபெற்றுப் போனார்கள். நான் பலகையோரமாகப் பாயை விரித்தேன். பூவிழி பலகையை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். கண்ணயர்ந்த சற்று நேரத்தில் பாயின் மறு கோடிவரை உருண்டாள். நான் பலகையில் கை வைத்தேன்.

அவள் உருண்ட பக்கமாக வெதுவெதுப்பும் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.