மூடியின் உள்பக்கம்

கஞ்சிக்கோட்டில் நான் ஃபிட்டர். இரண்டு இரும்பைப் பொருத்தினால் நடுவில் முடிகூட நுழையாது என்று கம்பெனியில் எனக்கொரு பெயர். அந்தத் திமிரோடுதான் அக்காவுக்கு மரப்பெட்டி செய்ய உட்கார்ந்தேன்.

முத்துப்பேச்சி அக்கா தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து கிள்ளியவள். அம்மா போன பிறகு என்னை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தவளும் அவள்தான். ஜூன் கடைசியில் அவளுக்குப் பணி ஓய்வு. ரேஷன் கார்டு, மாத்திரை, மூக்குக்கண்ணாடி எல்லாம் துருப்பிடித்த பிஸ்கட் டின்னில் கிடந்தன.

ஏப்ரல் வெயிலில், சித்தூர் மாமனார் தோப்புப் பலாப் பலகையை இழைத்தேன். மூடி இரண்டு பக்கப் பள்ளத்தில் ஓடி, இழுத்துத் திறக்கிற மாதிரி. அதன் உள்பக்கம் பேனாவால் இரண்டு வரி எழுதினேன். இத்தனை வருடம் அவளிடம் வாய்விட்டுச் சொல்லாத நன்றி. ஜூன் முதல் வாரமே வேன்காரர் ஜோமோனிடம் கொடுத்தனுப்பி, ஓய்வு நாளன்று காலையில் திறக்கச் சொன்னேன். நான் போய்ச் சேருமுன் அவள் படித்து முடித்திருப்பாள், எனக்கும் அழுகிற வேலை மிச்சம்.

போனால், பெட்டி மூடியபடியே இருந்தது.

"எலே மணி, விடிஞ்சதுலேர்ந்து இழுக்கேன். அசைய மாட்டேங்கு."

நானும் இழுத்தேன். மூன்று வார மழையில் மரம் ஊதியிருந்தது. இரும்பு தண்ணீர் குடிக்காது, மரம் குடிக்கும். இந்த மலையில் பிறந்தவனுக்கு அது மறந்துபோனது. உளியை எடுத்தேன்.

"உடைச்சிராதல. நீ செஞ்சது."

கூட வந்திருந்த என் மனைவி யோகப்பிரியா சும்மா இருக்கவில்லை. "உள்ளுக்கு என்னமோ எழுதியிருக்காருங்க அண்ணி. எங்கிட்டக் கேட்டாச் சொல்ல மாட்டேங்கறாருங்க."

"என்னத்தல எழுதுன? வாயால சொல்லு."

தப்பிக்க வழியில்லை. உன்னால்தான் மனிதனானேன் என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. எஸ்டேட்டில் கொடுத்த ஒரே கம்பளியை எனக்குப் போர்த்திவிட்டு அவள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் வேலைக்குப் போனதைச் சொன்னேன். அட்டை கடித்த காலோடு ஹாஸ்டலுக்கு வந்தவளை, "எங்க ஊர்க்காரங்க" என்று நண்பர்களிடம் நான் சொன்னதையும் சொல்லிவிட்டேன். அழுதேன்.

"தெரியும்ல. கேட்டுக்கிட்டுதான் நின்னேன்" என்றாள். "அடுத்த வாரமும் வந்தேன்லா?"

வந்தாள். முறுக்கோடு வந்தாள்.

பெட்டியை அடுப்புக்கு மேலே பலகையில் வைத்தாள். மறுநாள் காலை மூடி இளகியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்பக்கம் படித்தாள்.

"இம்புட்டுத்தானா? மழை மட்டும் பெய்யலன்னா, இந்த ரெண்டு வரியோட தப்பிச்சிருப்ப."

மூடியை வாங்கி, இரண்டு ஓரமும் இடம் விட்டு இழைத்துக் கொடுத்தேன்.